நான்காவதாக அடித்தவள்

ஜனவரி 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்கெல்லாம் ஆற்றோர மைதானத்தில் இருந்தேன். பனியில் நாற்காலி நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் சாத்தூர் மகளிர் பேஸ்பால் அணி சிவகாசியை 6–2 என்று வென்றது.

இந்த அணியை எனக்குப் பிடிக்கும். அதை இந்த வருட டைரியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது. பதினான்கு பெண்களில் ஒன்பது பேருக்கு நான் கணக்கு நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருடமே ஸ்கோரர் தேர்வு எழுதித் தேறி இந்த மேசைக்கு வந்தேன். இரண்டு வருடமாக ஒரு ஆட்டம் தவறவில்லை.

கோச் காசிராஜன் வழக்கம்போல் அடிக்கும் வரிசைச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வணக்கம் நாயகி டீச்சர். சாப்ட்டீங்களா?"

"ஆச்சு சார்."

இருபத்தோரு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் விளையாட்டு, நான் கணக்கு. கடந்த ஏழு வருடமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் இவர், என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "என்ன டீச்சரம்மா, இன்னைக்கு எத்தன பேரப் பெயிலாக்குன?"

"அங்க யாரும் பெயிலாகுறதில்ல. அவுட்டுதான்."

"பேருதான வேற."

ஜனவரி 8, புதன்

இட்லிக்கு அரைத்தேன். சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மதியம் நெருக்கடி நோட்டை எடுத்தேன்.

பேஸ்பாலில் அடிப்பவர்களைச் சராசரியால் அளப்பார்கள். பத்து முறை வந்து மூன்று முறை நன்றாக அடித்தால் நல்ல ஆட்டக்காரி. ஆனால் சராசரி எல்லாவற்றையும் சொல்லாது. வாரத் தேர்வில் எல்லாம் தொண்ணூறு வாங்கும் பெண், பொதுத்தேர்வில் வெள்ளைத்தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாரத் தேர்வில் தடுமாறுகிறவள் அன்றைக்கு மட்டும் கூடுதல் தாள் கேட்டு வாங்குவாள். யார் எப்படி என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே நான் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு இன்னிங்ஸ். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். ரன் எடுக்க பேஸில், அதாவது ஓடித் தொட வேண்டிய மூலையில், ஆள் காத்து நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வரும் நேரங்களை மட்டும் அதில் எழுதுகிறேன். இதற்கு நான் வைத்த பெயர் நெருக்கடி. யாருக்கு இதையெல்லாம் விளக்குகிறேன் என்று தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

இன்றைய தேதிக்கு முதலிடம் கார்த்தீஸ்வரி. இருபத்திரண்டு நெருக்கடி, ஒன்பது அடி.

கிளப் அலமாரியில் கிடந்த பழைய ஸ்கோர் புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தாரணியின் கணக்கைப் போட வேண்டும். தாரணி என் மகள். இதே அணியில் நான்கு வருடம் ஆடினாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் காரைக்குடியில் ஓர் இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். அடுத்து தாரணியின் முறை. மட்டையை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனவளைக் காசிராஜன் திரும்பக் கூப்பிட்டு, பெஞ்சில் இருந்த வேறொருத்தியை அனுப்பினார். அந்தப் பெண் அடித்தாள், ஜெயித்தோம். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கோப்பையைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும், "கை நடுங்குச்சு டீச்சர். அதான்" என்றார்.

தாரணி அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. இப்போது ஓசூரில் வேலை, ஓசூரிலேயே குடும்பம்.

நான் கோபக்காரி இல்லை. பொறுமைசாலி. இன்றைக்கு வராத கணக்கை நாளைக்குப் போடலாம். நாளைக்கும் வராவிட்டால் அடுத்த நாள்.

ஜனவரி 9, வியாழன்

தாரணி: நெருக்கடி பதினான்கு. அடி இரண்டு.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். எதையும் வகைப்படுத்தாமல் கூட்டினால் இப்படித்தான் வரும்.

பதினான்கில் மூன்று, தூறலில் ஆடியவை. பந்து வழுக்கும்போது யாரைக் குறை சொல்ல முடியும்? கழித்தேன். நான்கு, நாம் ஐந்தாறு ரன் பின்தங்கி ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டங்கள். அதில் என்ன நெருக்கடி? கழித்தேன். இரண்டு, அவளுக்குக் காய்ச்சல் இருந்த நாள். மாத்திரை கொடுத்தது நான்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீதி ஐந்து. ஐந்தில் இரண்டு அடி.

காரைக்குடியில் அவளை அடிக்க விட்டிருந்தால் அடித்திருப்பாள். அதையும் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் நியாயமில்லை. ஆறில் மூன்று. ஐம்பது விழுக்காடு.

கிளப் வரலாற்றிலேயே இதுதான் அதிகம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாரணியும் மாப்பிள்ளையும் குழந்தையோடு நேற்றே வந்துவிட்டார்கள். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், ஏழு காய்க் குழம்பு. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நோட்டை அவளிடம் காட்டினேன்.

"என்னம்மா இது?"

"பாரு. உன் பேரு எங்க இருக்குன்னு பாரு."

பார்த்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள், பள்ளியில் செய்த மாதிரியே. பிறகு நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா இன்னும்?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"காசி சார் நல்லாருக்காராம்மா?"

"இருக்காரு."

"கேட்டதாச் சொல்லு."

பெருந்தன்மை அவளுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

மாவட்டச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பயிற்சியின்போது சாத்தூர் கோச் பெண்களைத் தலைக்கவசம் இல்லாமல் அடிக்க விடுகிறார் என்பது பொருள். இது மூன்றாவது கடிதம். பெயர் போடவில்லை. உண்மைக்குக் கையெழுத்து எதற்கு?

வரும் வழியில் கறிவேப்பிலை, ஊதுவத்தி.

ஜனவரி 19, ஞாயிறு

அரையிறுதி. கடைசி இன்னிங்ஸில் கார்த்தீஸ்வரி மறுபடியும் அடித்தாள். பத்தொன்பதாம் தேதி, பத்தாவது அடி. ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க மேசைப் பக்கம் வந்தாள். பேனா நிப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். இருபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தாள், பின்னத்தில் எப்போதும் தடுமாறுவாள்.

"ஏன்டி, அந்த நேரத்துல மனசுல என்ன ஓடும் உனக்கு?"

"ஒண்ணும் ஓடாது டீச்சர்."

"அதெப்படி ஒண்ணும் ஓடாது? நாப்பது பேரு கத்துறாக, ரெண்டு அவுட்டு..."

"பட்டறையில பிரஸ்ஸு அழுத்தையில எதாச்சும் நெனச்சோம்னு வைங்க, விரலு போயிரும். அதே மாரிதான். பந்து வரும், அழுத்துவேன்." சிரித்தாள். "நீங்க கணக்கு கேக்கைலதான் டீச்சர் எனக்குக் கையிகாலு ஓடாது."

இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனு போடலாம். மனு வாங்கி வைத்துவிட்டேன் என்றாள். வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது.

அவள் அடித்தவற்றில் இரண்டு, பந்து வீசுவதில் மிகச் சாதாரணமான பிட்சர்கள் போட்டவை. அவற்றை நோட்டில் கழித்தேன். ஒருத்திக்கு ஒரு முறை என்றால் எல்லாருக்கும் அதே முறை.

ஜனவரி 31, வெள்ளி

பயிற்சிக்குப் போனேன். காசிராஜன் பெண்களை உட்கார வைத்துப் பேசினார். "ஞாயித்துக்கெழமை ஜெனிஃபர நாலாவதா அனுப்பலாம்னு பாக்குறேன். கார்த்தி அஞ்சாவது. என்ன சொல்றீங்க?"

ஜெனிஃபர் பயந்த முகத்தோடு தலையாட்டினாள். கார்த்தீஸ்வரி, "எங்கிட்டு விட்டாலும் அடிக்கத்தான போறோம் சார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாவட்ட இறுதி ஆட்டம். எதிரணி இராஜபாளையம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் சீட்டு வந்தது. நான்கு: ஜெனிஃபர். ஐந்து: கார்த்தீஸ்வரி. வெள்ளிக்கிழமை சொன்னபடி மாற்றிவிட்டார் என்று புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் இன்னிங்ஸில் நான்காவதாக வந்து நின்றது கார்த்தீஸ்வரி.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. காலையில் காசிராஜனுக்கு மனது மாறியிருக்கிறது. ஜெனிஃபர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய வரிசையே போதும் என்று பெண்களிடம் வாயால் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் எழுதிய சீட்டைத் திருத்த மறந்துவிட்டார்.

விதி என்னவென்றால், சீட்டில் இருக்கும் வரிசைதான் வரிசை. முறை மாறி ஒருத்தி அடித்துவிட்டால், அடுத்தவளுக்கு முதல் பந்து வீசப்படுவதற்குள் எதிரணி நடுவரிடம் முறையிட வேண்டும். முறையிட்டால் அந்த அடி செல்லாது. வந்திருக்க வேண்டியவள் அவுட். முறையிடாவிட்டால் அடி அடிதான். இதில் ஸ்கோரருக்கென்று தனியாக ஒரு விதி உண்டு. அவள் கண்ணில் பட்டாலும் அவள் யாருக்கும் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. நடுவருக்குக்கூட. தேர்வு அறையில் மேற்பார்வை பார்க்கிறவள், ஒரு பெண் நான்காம் கேள்விக்குத் தப்பாக விடை எழுதுவதைப் பார்த்தால் என்ன செய்வாள்? பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நடப்பாள்.

நானும் பேசாமல் இருந்தேன். விதி என்னைப் பேசாதே என்றது. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. இராஜபாளையம் கோச் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், என் கை அழுக்காகாமல் காரியம் நடந்துவிடும் என்று எண்ணினேன்.

முதல் இன்னிங்ஸில் அவர் கவனிக்கவில்லை. மூன்றாவதிலும் இல்லை. ஐந்தாவதில் கார்த்தீஸ்வரி அடித்து ஒரு ரன் வந்தது. அப்போது அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானதுரை என்று பெயர். முப்பது வயது இருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கோச் என்றால் எதிரணியின் சீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டாமா? கேள்வித்தாளைப் படிக்காமலே விடை எழுதுகிற பிள்ளைகள் இப்படித்தான்.

ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். முதலில் அடிப்பது நாங்கள், அவர்கள் அடிப்பது இதற்குப் பிறகு. நாங்கள் 3, அவர்கள் 4. இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆட்கள். கார்த்தீஸ்வரி வந்தாள்.

இரண்டு பந்தை விட்டாள். மூன்றாவதை அடித்தாள். பந்து வலப்பக்க வேலிவரை தரையோடு தரையாக ஓடியது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். 5–4. பெண்கள் கத்திய கத்தலில் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. நான் கை தட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். கை தட்டினேன்.

ஞானதுரை பிட்சரை மாற்றினார். புதிதாக வந்த பெண் பழகுவதற்கு எட்டுப் பந்து போடுவாள். அவை கணக்கில் சேராது. அதற்குள் பெயரைப் பதிய அவர் என் மேசைக்கு வந்தார்.

"புதுப் பிட்சர் பேரு எழுதிக்கங்கம்மா. சங்கரகோமதி."

எழுதிக்கொண்டேன்.

"அடுத்து வர்ற பிள்ள யாரு? எடக்கையா?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அடிக்கும் வரிசை ரகசியம் இல்லை, யாரும் பார்க்கலாம். சீட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பென்சில் நான்காம் வரியில் இருந்தது. பென்சில் ஏதாவது ஒரு வரியில் இருக்கத்தானே செய்யும்?

பார்த்தார். போகத் திரும்பினார். நான் பென்சிலை எடுக்கவில்லை. மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இப்ப அடிச்சது ஏழாம் நம்பர் சட்டதான? கார்த்தீஸ்வரி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நாலாவது ஜெனிஃபர்னுல்ல போட்டுருக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்பயர்! சார்! டைம் குடுங்க, டைம்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

நடுவர்கள் வந்து சீட்டைப் பார்த்தார்கள். அடி செல்லாது, ஜெனிஃபர் அவுட், அதோடு மூன்று அவுட். 3–4. முன்னால் இருப்பவர்கள் மறுபடி அடிக்க வேண்டியதில்லை, ஆட்டம் முடிந்தது. அந்த இரண்டு ரன்னையும் நானே புத்தகத்தில் அடித்தேன்.

காசிராஜன் சீட்டை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "என் கையெழுத்துதான்" என்றார் நடுவரிடம். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடது. யாரும் யாரையும் ஒண்ணும் பேசக் கூடாது" என்றார். சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. சீட்டு சடசடத்தது.

இதைப் பார்க்கத்தான் ஏழு வருடம் காத்திருந்தேன்.

கார்த்தீஸ்வரி மேசைக்கு வந்தாள். "அப்ப நான் அடிச்சது டீச்சர்?"

"செல்லாதும்மா."

"வேலி வரைக்கும் போச்சே டீச்சர்."

"விதி அப்படிம்மா."

பிப்ரவரி 3, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். காலையில் இவர் கேட்டார், "என்ன, ராத்திரி தூக்கத்துல சிரிச்ச?" கனவு எதுவும் ஞாபகமில்லை.

ரவா உப்புமா.

பிப்ரவரி 7, வெள்ளி

மாவட்டச் சங்கத்தில் விசாரணை. ஸ்கோரர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "சீட்டில் இருந்தபடி புத்தகத்தில் எழுதினேன். எதிரணிக் கோச் கேட்டார், சீட்டைக் காட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செயலாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். "இவரு மேல ஏற்கெனவே மூணு புகார் வேற இருக்கு" என்றார். காசிராஜன் மறுத்துப் பேசவில்லை. ஒரு வருடத்துக்கு எந்த அணிக்கும் கோச்சாக இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

தாரணிக்குப் போன் செய்தேன். இந்த ஒரு செய்தியை அவளிடம் சொல்ல எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்.

"காசி சார ஒரு வருசத்துக்குத் தூக்கிட்டாக."

"என்னம்மா சொல்ற? எதுக்கு?"

முழுவதும் சொன்னேன். சீட்டு, பென்சில், ஞானதுரை ஓடிய ஓட்டம். அவளிடம் சொல்லும்போது கொஞ்சம் நடித்துக்கூடக் காட்டினேன்.

"தாரணி? இருக்கியா?"

"நாந்தாம்மா கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"காரைக்குடில. என்னைய அனுப்பாதீங்க சார்னு நாந்தான் கேட்டேன். பாதி தூரம் போயிட்டு அவரத் திரும்பிப் பாத்தேன். கையி அப்படி ஆடுச்சு, மட்டையப் பிடிக்க முடியல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு அழுதேன்."

"ஏன் என்கிட்ட சொல்லக் கூடாது?"

"நீதாம்மா நெட்டுக்குப் பின்னாடி நின்ன. பள்ளிக்கூடத்துலயும் நீ, வீட்லயும் நீ, கிரவுண்டுலயும் நீ. எங்க தப்புப் பண்ணாலும் நீ பாத்துக்கிட்டிருப்ப. மத்த பிள்ளைகளுக்குப் பந்து வர்றது தெரியும். எனக்கு உன் மூஞ்சிதாம்மா தெரியும்."

குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள். பின்னால் எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

துணி துவைத்தேன். இவருடைய சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்து எல்லாத் துணியிலும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

காசிராஜன் வீட்டுக்குப் போனேன். வாசலறையில் உட்கார்ந்து கிளப்பின் கையுறைகளுக்குத் தோல் வார் கோத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"தாரணி சொல்லிட்டா சார்."

"ம்."

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"பிள்ள அழுதுச்சு. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

எப்படியும் சொல்லியாக வேண்டும். "அன்னைக்கு ஃபைனல்ல நான்..."

"தெரியும் டீச்சர்." தலை நிமிரவில்லை. "நான் மூணாவது பேஸ்கிட்டதான நின்னேன். சீட்டத் திருப்பினதையும் பாத்தேன். பென்சிலயும் பாத்தேன்."

"ஏன் சார் விசாரணையில சொல்லல?"

"சீட்டுல தப்பு என்னோடது. நீங்க காட்டினாலும் காட்டாட்டியும் அது தப்புதான்."

"நான் போய்ச் சங்கத்துல சொல்லிர்றேன். அந்த மூணு லெட்டரும் நான் போட்டதுதான். பிள்ளைககிட்டயும் சொல்லிர்றேன்."

"வேணாம்."

"ஏன்?"

வாரைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். இருபத்தோரு வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை.

"சொன்னா உங்களுக்கு லேசாயிரும். ஏழு வருசம் உங்க பிள்ளைக்காக ஒண்ண நான் வயித்துக்குள்ள வச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியப் பாத்து, சாப்ட்டீங்களா டீச்சர்னு கேட்டுக்கிட்டு. இப்ப இத நீங்க வைங்க. அந்தப் பிள்ளைக உங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கும், டீச்சர் டீச்சர்னு கூப்பிடும். வாங்கிக் குடிங்க. ஏழு வருசம் போகட்டும், அப்புறம் பாப்போம்."

நான் எழுந்தேன்.

"காபி ஆறுது டீச்சர். குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன். குடிக்காமல் எப்படி வருவது?

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டு நாளாக யோசித்தேன். முதலில், அவர் சொன்னது சரிதான், எனக்கு இது வேண்டும் என்று தோன்றியது. பிறகு வேறொன்று தோன்றியது.

எனக்குத் தண்டனை கொடுக்கக் காசிராஜன் யார்? முப்பத்து நான்கு வருடம் நான் கொடுத்த வீட்டுப்பாடத்தை மற்றவர்கள் செய்தார்கள். இப்போது எனக்கு ஏழு வருட வீட்டுப்பாடம். நான் அதைச் சுமந்துகொண்டு அலைய, அவர் வீட்டில் உட்கார்ந்து கையுறை தைப்பாராம். அப்படியென்றால் கடைசியில் ஜெயித்தது அவர்.

விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அது அபூர்வம். "நீ மன்னிப்புக் கேக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"டீச்சரம்மாவுக்கு மட்டும்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோச் இல்லாமல் பெண்கள் தாங்களே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டேன். வகுப்பில் உட்காருவதுபோல் புல்லில் உட்கார்ந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தேன்.

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். முதலில் ஓர் உதாரணம் சொல்லித் தொடங்குவதாக இருந்தேன். வாயில் வரவில்லை. சீட்டைப் பார்த்தது, முதல் இன்னிங்ஸிலிருந்தே தெரிந்திருந்தது, ஞானதுரைக்குக் காட்டியது, பென்சில், மூன்று கடிதங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். தாரணி காரைக்குடியில் கேட்டதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஜெனிஃபர் அழத் தொடங்கினாள். "நான் பயந்த மாதிரி மூஞ்சிய வச்சிருந்தேன், அதனாலதான் சார் மாத்துனாருன்னு ரெண்டு வாரமா சோறு எறங்கல டீச்சர் எனக்கு" என்றாள். இது எனக்குத் தெரியாது. இது எந்த நோட்டிலும் இல்லை.

கார்த்தீஸ்வரி அழவில்லை. புல்லைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு வந்து கேக்காம இருந்திருந்தாருன்னா, நீங்களாப் போய்ச் சொல்லியிருப்பீங்களா டீச்சர்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியலம்மா" என்றுதான் வந்தது.

"நான் அடிச்சப்ப கை தட்டுனீங்க. நான் ஓடிக்கிட்டே பாத்தேன்."

"ஆமா."

"அதுக்கப்புறமாக் காட்டிக் குடுத்தீங்க."

"ஆமா."

அவள் எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டுவதுபோல் ட்ராக் பேண்டைத் தட்டினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. என்னைத் திட்டுவாள், இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். காசிராஜனிடம் போய், பாருங்கள், சொல்லிவிட்டேன், விரட்டிவிட்டார்கள், தீர்ந்தது என்று சொல்லலாம்.

"எந்திரிங்க டீச்சர்" என்றாள். "நாற்காலி கிளப்போடது."

எழுந்தேன். அவள் என் கையிலிருந்த ஸ்கோர் புத்தகத்தை வாங்கி ஜெனிஃபரிடம் கொடுத்தாள். பென்சிலையும் வாங்கிக் கொடுத்தாள். ஜெனிஃபர் தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போகக் கூடாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரணும். இங்கனயே நிக்கணும். நாங்க அடிக்கிறதப் பாக்கணும். எழுதக் கூடாது. இங்கனயும் எழுதக் கூடாது, வீட்ல போயும் எழுதக் கூடாது."

"எத்தன நாளைக்கும்மா?"

"அத நாங்க சொல்லுவோம்."

மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். நான் வெயிலில் நின்றேன். பத்தரை மணிவரை நின்றேன். கார்த்தீஸ்வரி எத்தனை பந்தைச் சந்தித்தாள், அதில் எத்தனை அடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே எழுதவில்லை.